றாஸிக்கின் எட்டுக் கியர்

காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால், றாஸிக் எழும்புவதற்கு இரவு எட்டு மணியாகிவிடும். கல்முனைக்குடிப் பிரதான வீதியில் மருந்துக் கடைக்கும் புடவைக் கடைக்கும் நடுவில் செருகி வைத்ததுபோல இருந்தது அவனுடைய கொமியுனிகேஷன் கடை. ஒரு போட்டோகொப்பி மெஷின், ஒரு கணினி, ரீலோட் போட இரண்டு போன், ஒரு சுழல் நாற்காலி. நாற்காலியைத் திருப்பினால் முழங்கால் மெஷினில் இடிக்கும். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுத்துக் கொடுப்பது, பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களை அச்சடிப்பது, வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் படிவங்களை நிரப்புவது. ஒரு கையால் செய்யக்கூடிய வேலை என்று பார்த்துத்தான் அவன் மனைவி சஹ்லாவின் அண்ணன் ஜவாத் அந்தக் கடையைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

அதற்கு முன் றாஸிக் ஒரு நெல் ஆலையில் இயந்திரம் பார்ப்பவன். 2017இல் ஒரு பெரும்போக அறுவடைக் காலத்தில், ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டுக்குள் இடது கை போய்விட்டது. பெருவிரலும் சின்னிவிரலும் மிஞ்சின. நடுவில் இருந்த மூன்றும் போயின. நான்கு மாதம் சஹ்லாதான் காயத்தைக் கழுவிக் கட்டினாள். கட்டுத் துணியை அவிழ்க்கும்போது முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டே அவிழ்த்தாள். ஆனால் காயம் ஆறிய பிறகும் அவளுக்குள் இருந்த பயம் ஆறவில்லை. அவன் தேங்காய் துருவ உட்கார்ந்தால் ஓடி வந்து வாங்கிக்கொள்வாள். கூரையில் ஒரு ஓடு விலகினால் ஜவாத்துக்குப் போன் போகும்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்தோடு பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் அங்கே போய் இருப்பான். சஹ்லாவின் வீட்டையும் அண்ணன் ஜவாத்தான் கல்லுக் கல்லாகக் கட்டிக் கொடுத்தார். கடையும் அவருடையது. வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருநூறு மீற்றர். "மச்சான், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. நீங்க இரிந்து பாத்தாப் போதும்," என்று அவர் முதல் நாள் சொன்னார். றாஸிக் இருந்தான். ஏழு வருஷம் இருந்தான். யாரும் அவனோடு கோபப்படவில்லை, யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு மூச்சை அடைத்தது. குறை சொல்பவரிடம் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலாம். அன்பாக ஒரு நாற்காலியைக் காட்டுபவரிடம் என்னத்தைச் சொல்வது?

வீட்டுப் பின்னறையில், தலைகீழாக ஆணியில் தொங்கியது அவனுடைய சைக்கிள். ஜப்பானில் எண்பதுகளில் செய்த றேஸ் சைக்கிள். மெல்லிய இரும்புக் குழாய்கள், ஆட்டுக் கொம்புபோல வளைந்த ஹாண்டில், வெளிறிப்போன நீல நிறம். கல்யாணத்துக்கு முன் கழகங்கள் நடத்திய ஓட்டப் போட்டிகளில் அந்தச் சைக்கிளில் ஓடி இரண்டு முறை இரண்டாவதாக வந்திருக்கிறான். 2022இல் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிள் தேடி அலைந்தபோது, மூன்று பேர் வந்து விலை கேட்டார்கள். கியர் மாற்றுகிற லீவர் கீழே குழாயில் இருப்பதைக் கண்டதும் மூன்று பேரும் வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

அந்த லீவர்தான் அவனுக்கும் தடை. பழைய றேஸ் சைக்கிள்களில் கியர் மாற்ற வேண்டுமென்றால் ஒரு கையை ஹாண்டிலில் இருந்து எடுத்து, குனிந்து, முழங்காலுக்குப் பக்கத்தில் உள்ள சாய்ந்த குழாயில் இருக்கும் சின்ன லீவரைத் தள்ள வேண்டும். அதுவும் ஒரு கணக்கில் நிற்காது. செயின் பல்லில் சரியாக உட்கார்ந்ததா என்று காதால் கேட்டுத் திருத்த வேண்டும். அந்த நேரம் முழுவதும் சைக்கிளைப் பிடித்திருப்பது மற்றக் கைதான். றாஸிக்கின் மற்றக் கைக்குப் பிடிக்க வராது. சின்னிவிரலாலும் பெருவிரலாலும் கொக்கிபோல மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். விபத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை ஏறிப் பார்த்தான். வலது கையை எடுத்த அந்த நொடியில் ஹாண்டில் திரும்பி, வீதியோரக் கழிவுநீர்க் கானுக்குள் விழுந்தான். அன்று சஹ்லா அழவில்லை. சைக்கிளைத் தானே தூக்கிக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய ஜப்பான் சைக்கிள் விற்கிற ஷரிபுதீன், ஒரு நாள் இறக்குமதிப் படிவம் ஒன்றைக் கொப்பி எடுக்க வந்தார். கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்:

"இந்த முறை கொண்டேனருக்க ஒரு உடஞ்ச சைக்கிள் வந்தீக்கு. பிரேம் வெடிச்சு வேலைக்காகா. ஆனா பிரேக்கும் கியரும் ஒண்டா இரிக்கிற பிடி. கை எடுக்கத் தேவல்ல."

றாஸிக் கொப்பி மெஷினின் மூடியைத் திறந்தபடியே நின்றான்.

"எத்தின கியர்?"

"பின்னுக்கு எட்டு. உன்ட பழசுக்கு ஏறும். கொஞ்சம் வேல இருக்கு. வெள்ளிக்கிழமை வா."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடை பூட்டினால் பின்னேரத் தொழுகையான அஸருக்குத்தான் திறப்பது. அந்த மூன்று மணி நேரம்தான் கிழமையில் அவனுக்குச் சொந்தம். ஆனால் சைக்கிளை வீட்டிலிருந்து எப்படி எடுப்பது? அந்த வெள்ளிக்கிழமை பகல் சோறு தின்னும்போது அவன் ஒரு பொய் சொன்னான்.

"அந்தச் சைக்கிள ஷரிபுதீன் கேக்கிறார். குடுத்திடுவம் எண்டு பாக்கிறன்."

சஹ்லா கறிச் சட்டியைக் கீழே வைத்தாள். "மெய்யாவா?"

"ஓம். கிடந்து துருப் புடிக்குது."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவன் பார்த்தான். பார்த்துவிட்டும் பொய்யைத் திருத்தவில்லை. மகள் அப்னா பின்னறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, சைக்கிளை இறக்கி உருட்டிக்கொண்டு போனான்.

ஷரிபுதீனின் வளவில் ஒரு தகரக் கொட்டில். அங்கே நான்கு வெள்ளிக்கிழமை வேலை நடந்தது. பழைய பின்சில்லில் அடுக்காக ஆறு பல்லுச் சக்கரங்கள், உடைந்த சைக்கிளில் இருந்து எடுத்த புதியதில் எட்டு. அதனால் புதிய சில்லின் அச்சு நான்கு மில்லிமீற்றர் கூடுதல் நீளம். சைக்கிளின் பின்கால்கள் இரண்டுக்கும் நடுவில் அது நுழையாது. இரும்பு என்பதால் விரிக்கலாம். அந்த உடைந்த சைக்கிளைப்போல கார்பனாக இருந்தால் விரித்ததும் வெடித்திருக்கும். நீண்ட திருகாணி ஒன்றை இரு கால்களுக்கும் குறுக்கே கொடுத்து, இரண்டு பக்கமும் நட்டுப் போட்டு, உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். றாஸிக் வலது கையால் ஸ்பேனரைத் திருப்பினான். குழாய் மெல்ல முனகியது. தளர்த்தியதும் பழையபடி சுருங்கிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினான். பன்னிரண்டு தடவை அப்படித் தள்ளித் தளர்த்திய பிறகுதான் இரும்பு புதிய அகலத்துக்குச் சம்மதித்தது. ஒரு பக்கம் மட்டும் வளைந்துவிட்டதா என்று பார்க்க, முன்குழாயில் இருந்து இரண்டு பக்கமாகவும் நூல் இழுத்து அளந்தான். இடது பக்கம் ஒரு மயிரிழை கூட இருந்தது. அதையும் கையால் இழுத்துச் சரியாக்கினான்.

ஷரிபுதீன் பக்கத்தில் ஒரு ரிம்முக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். "விடு, நான் புடிக்கிறன்" என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. நட்டுக் கீழே விழுந்து உருண்டால், றாஸிக் குனிந்து எடுக்கும்வரை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷத்தில் அப்படி ஒருவரோடு இருந்தது இதுதான் முதல் தடவை. அதற்காகவே அவருக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தான். பழைய சில்லுகள் இரண்டையும் எடுத்துக்கொள்வதாக அவரே சொல்லிவிட்டார். அந்த அளவு ரிம் தேடி யாரோ அலைகிறார்களாம்.

முன்னால் இரண்டு பற்சக்கரம் இருந்தன. பெரியதைக் கழற்றி ஒன்றை மட்டும் விட்டான். அதனால் இடது கையால் கியர் மாற்றத் தேவையே இல்லாமல் போயிற்று. கீழ்க்குழாயில் இருந்த லீவர்களை எடுத்துவிட்டு, அதே குமிழில் கேபிளைத் தாங்குகிற சின்னத் திருகு ஒன்றைப் பூட்டினான். கேபிள் புதுப் பிடியில் இருந்து இறங்கி, அந்தத் திருகு வழியாகப் போய், சங்கிலியை நகர்த்துகிற பின்பக்கக் கருவியைப் பிடித்தது. அந்தக் கருவியும் உடைந்த சைக்கிளில் இருந்து எடுத்ததுதான். பழையதோடு புதுப் பிடியின் கணக்கு ஒத்துவராது. முன்பிரேக்கை வலது பிடியில் மாட்டினான். இடது பிடியில் பின்பிரேக். சின்னிவிரல் தொட்டாலே இழுக்கிற அளவுக்கு அதை இளக்கி வைத்தான்.

பிரேக் பிடியை உள்ளே ஒதுக்கித் தள்ளினால் செயின் பெரிய பல்லுச் சக்கரத்துக்கு ஏறும். பின்னால் ஒட்டியிருக்கும் சின்னப் பிடியைத் தட்டினால் சிறிய பல்லுக்கு இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டிக்'. ஆனால் முதல் நாள் ஐந்தாவது பல்லில் செயின் நிற்காமல் கரகரத்தது. திருகைக் கால் சுற்றுத் திருப்பினான், ஓட்டினான். இன்னொரு கால் சுற்று, ஓட்டினான். அஸர் பாங்கு சொல்லும்போது எட்டுப் பல்லும் எட்டு 'டிக்'குக்குச் சரியாக வந்து நின்றன. றாஸிக் மிதியைக் கையால் சுற்றிச் சுற்றி ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தான். "போதும், கேபிள் தேஞ்சிரும்," என்றார் ஷரிபுதீன்.

பிறகு அவன் விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடந்துவிட்டு வருவதாக வீட்டில் சொல்லத் தொடங்கினான். சஹ்லா அதையும் நல்லது என்றே எடுத்துக்கொண்டாள். ஷரிபுதீனின் வளவுச் சாவி ஒன்று அவனிடம் இருந்தது. முதலில் சாய்ந்தமருது வரை, பிறகு காரைதீவுச் சந்தி வரை. இடது கை பிடியில் கொக்கியாக மாட்டியபடி கிடக்கும். வலது கை எங்கும் போகத் தேவையில்லை. காற்று எதிர்த்தால் உள்ளே ஒரு தள்ளு, வேகம் பிடித்தால் ஒரு தட்டு. ஆனால் எட்டு மணிக்கு முன் வீட்டுக்கு வந்து, ஒன்பது மணிக்கு அதே நாற்காலியில் உட்கார வேண்டும். ஓடிய நாளில் நாற்காலி இன்னும் ஒடுக்கமாகத் தெரிந்தது.

மாரி தொடங்கி மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் மேற்கே திரும்பினான். வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும் தாழ்ந்த வீதியான கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிப் பக்கம். தாம்போதியில் அப்போது சில்லு நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். வானம் வெளுத்திருந்தது. இரண்டு பக்கமும் இளம் பயிர் நின்ற வயல். போனை வேண்டுமென்றே வீட்டில் விட்டிருந்தான். கடற்கரையில் நடக்கிறவனுக்கு எதற்குப் போன் என்று காரணமும் வைத்திருந்தான். கொஞ்சத் தூரம் என்று நினைத்தவன், வாய்க்கால் கட்டு வழியாக எவ்வளவோ தூரம் போய்விட்டான்.

திரும்பி வரும்போது எட்டு மணி தாண்டியிருந்தது. தாம்போதியைக் காணவில்லை. மேற்கே குளங்களில் திறந்துவிட்ட தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்திருந்தது. இங்கே ஒரு துளி மழை இல்லை, ஆனால் வீதி இருந்த இடத்தில் சிவந்த தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. கயிறு கட்டி, வாகனங்களை நிற்பாட்டியிருந்தார்கள். ஒரு ட்ரக்டர் மட்டும் பெட்டியில் ஆட்களை நிற்க வைத்து அக்கரைக்கு இழுத்தது. றாஸிக் சைக்கிளோடு வரிசையில் நின்றான். முறை வந்தபோது ட்ரக்டர்காரன் அவன் கையைப் பார்த்தான்.

"நீங்க வேணா. பெட்டி ஆடும். ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிக்கோணும். விழுந்தா ஆர் பதில் சொல்ற?"

"நான் ஒரு கையாலயே புடிப்பன்."

"ஏலா காக்கா," என்றான் அவன், அண்ணன் என்று கூப்பிடுகிற மரியாதையோடு. "தண்ணி வத்தட்டும், மறுகா பாப்பம்."

அவன் சொன்னதில் தவறில்லை. றாஸிக் விலகி நின்றான். அக்கரையில் கல்முனைக் கட்டடங்கள் தெரிந்தன. கடை திறக்கிற நேரம் போய்க்கொண்டிருந்தது. சஹ்லா இப்போது கடற்கரைக்கு ஆள் அனுப்பியிருப்பாள். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் போன் வாங்கினான். சஹ்லாவின் நம்பரை ஏழு வருஷமாகப் பெயரைத் தொட்டே அழைத்திருந்தான். இலக்கம் பாதிக்கு மேல் நினைவு வரவில்லை.

வீதியோரம் அப்பம் சுட்டு விற்கும் கேதீஸ்வரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிளேன்டீயை நீட்டினாள்.

"தண்ணி இண்டைக்கு வத்தாது காக்கா. போன வருஷம் மூண்டு நாள் நிண்டது."

"வேற வழி இல்லையா அக்கா?"

"சென்றல் கேம்ப் பக்கமாச் சுத்தி, அம்பாறை ரோட்டப் புடிச்சு, சம்மாந்துறையால போகலாம். நாப்பது அம்பது கிலோமீற்றர் வரும். மோட்டச்சைக்கிள்காரர் போறாங்க." பிறகு சைக்கிளைப் பார்த்தாள். "இதில ஏலுமோ?"

அவனுக்கும் தெரியாது. விபத்துக்குப் பிறகு அவன் ஓடிய கூடிய தூரம் அதில் பாதிகூட இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு, அவள் பொதி செய்து கொடுத்த இரண்டு அப்பத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினான்.

முதல் பாதி சுகமாகப் போனது. வாடைக்காற்று முதுகில் இருந்தது. எட்டாவது கியரில் வைத்து மிதித்தான். வயல் முடிந்து தேக்கு மரங்கள் வந்தன. பயம் மனதில் இருந்தது, ஆனால் கால்களுக்கு அது தெரியவில்லை. சஹ்லா அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் தன் உடம்பு சந்தோஷப்படுவதை நினைக்க வெட்கமாக இருந்தது. அம்பாறையில் கிழக்கே திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. ஏழு, ஆறு, ஐந்து என்று ஒவ்வொரு 'டிக்'காகத் தள்ளினான். லொறிகள் உரசிக்கொண்டு கடந்தன. பழைய லீவராக இருந்திருந்தால், அந்தக் காற்றில் கையை எடுத்த முதல் தடவையே லொறிக்குக் கீழே போயிருப்பான். சம்மாந்துறை தாண்டிய வெட்டைவெளியில் வீதிக்கு மேல் கணுக்கால் அளவு தண்ணீர். இறங்கி உருட்டினான். இடது உள்ளங்கை தோல் உரிந்து, பிடியின் றப்பர் சிவந்திருந்தது. காரைதீவுச் சந்தியில் மூன்றாவது கியரில் வந்து திரும்பியபோது, நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் முற்றத்தில். ஜவாத்தின் சாரம் இடுப்பு வரை நனைந்திருந்தது. கடற்கரையில் மீன்காரர்களை விசாரித்து, பிறகு யாரோ அவனை நீலச் சைக்கிளோடு கிட்டங்கியில் கண்டதாகச் சொல்ல, தண்ணீருக்குள் இறங்கித் தேடியிருக்கிறார். றாஸிக்கைக் கண்டதும் அவர் சைக்கிளைப் பார்த்தார். ஹாண்டிலில் இருந்த புதுப் பிடியைப் பார்த்தார்.

"இது குடுத்தாச்சு எண்டல்லா சொன்னீங்க."

றாஸிக் சைக்கிளை வாசலில் சாய்த்து வைத்தான். அப்னா ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சஹ்லா உள்ளே பாயில் இருந்தாள். எல்லோரும் போன பிறகுதான் அவள் கதைத்தாள். குரல் உயரவில்லை.

"சைக்கிளக் குடுத்த எண்டு சொன்னீங்களே, அந்தக் கிழமை நான் மூணு நோன்பு புடிச்ச. நேர்ச்ச வெச்சிருந்த. அல்லாஹ் உங்கட மனச மாத்திட்டான் எண்டு நெனச்சு."

அந்த நோன்பு அவனுக்குத் தெரியாது. அந்த நாட்களில் அவள் அவனுக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் பிறகு தின்பதாகச் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. எத்தனையோ சொல்ல நினைத்து வைத்திருந்தான். மூச்சுமுட்டுவதைப் பற்றி, நாற்காலியைப் பற்றி. அந்த மூன்று நோன்புக்கு முன்னால் அவையெல்லாம் சின்னதாகிப் போயின.

"நான் உள்ளுக்க கிடந்து செத்துப்போற மாதிரி இருக்கு சஹ்லா," என்றான் கடைசியில்.

"வெளிய போய்ச் செத்தா நான் என்ன செய்ற?" என்றாள் அவள். அவள் எழும்பி வெந்நீர் கொண்டு வந்து அவன் இடது கையைக் கழுவினாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவன் ஷட்டரைத் தூக்கினான். சைக்கிள் ஷரிபுதீனின் வளவுக்குத் திரும்பிப் போனது. வீட்டுக்குள் அது வரக்கூடாது என்று சஹ்லா சொல்லியிருந்தாள். இரண்டு கிழமை கழித்து அவன் ஜவாத்திடம் துணிந்து சொன்னான், கடையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, ஷரிபுதீனோடு சைக்கிள் வேலைக்குப் போகலாமென்று நினைப்பதாக. ஜவாத் தாடியைத் தடவினார்.

"நான் உங்களுக்கு என்ன கொற வெச்ச மச்சான்?"

குறை ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒரு மாதம் ஜவாத் கடைப்பக்கம் வரவில்லை. வந்தபோது ஒரு புதுக் காற்றாடியை வாங்கிக்கொண்டு வந்து, றாஸிக்கின் தலைக்கு மேல் தானே ஏறிப் பூட்டிவிட்டுப் போனார்.

நோன்புப் பெருநாள் முடிந்து ஆறு நாள் கழித்து, சஹ்லா தானாகவே கதையை எடுத்தாள். வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பிறகு போகலாம். போன் கையில் இருக்க வேண்டும். பாலம், தாம்போதி ஒன்றும் கடக்கக் கூடாது. தெற்கே நிந்தவூர்ச் சந்தி வரை, அதற்கு அப்பால் ஓரடியும் இல்லை. போய்ச் சேர்ந்ததும் அழைக்க வேண்டும், திரும்பும்போதும் அழைக்க வேண்டும். அவள் இவ்வளவையும் கீரை ஆய்ந்துகொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று றாஸிக்குக்குத் தெரிந்தது. சரி என்றான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவன் நிந்தவூர்ச் சந்திக்குப் போகிறான். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கிற நாட்களில் நாலாவது கியர், காற்று இல்லாத நாட்களில் ஏழாவது. சந்தியில் ஒரு காலை ஊன்றி நின்று போன் எடுத்து, "வந்திட்டன்" என்கிறான். "திரும்புங்க" என்கிறாள் அவள். அட்டாளைச்சேனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போகிற வீதி முன்னால் நேராகக் கிடக்கிறது. கால்களில் இன்னும் பாதிப் பலம் மிச்சம் இருக்கும். அவன் கொஞ்ச நேரம் அந்த வீதியைப் பார்த்துவிட்டு, சைக்கிளை வடக்கே திருப்புகிறான்.